கவுதாரிக்கு ஊதிய விசில்

பொன்னாயி அந்தக் கவுதாரிக் குஞ்சை முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததே சூப்பு வைக்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளை வாயில்லா ஜீவன்களுக்காகவே பிறந்தவள் மாதிரி யாரும் தூக்கி வைத்துப் பேசக் கூடாது பாருங்கள், அதற்காக.

அவள் புருசன் தங்கசாமி அப்போது கால் ஒடிந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். எழுபத்தொன்பதாம் வருசம், சித்திரையில் பெய்த கோடை மழையில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போயிற்று. வைத்தியர் கருப்பண்ணன் வந்து முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். “ரெண்டு மாசம் அசையப்படாது. கட்டு அவுத்தப்புறம் கவுதாரி சூப்பு வெச்சுக் குடு தாயி, எலும்பு இரும்பாயிரும்” என்று பொன்னாயியிடம் சொல்லிவிட்டு, ரெண்டு வெற்றிலையை மென்றபடி போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒடிந்த காலுக்குக் கவுதாரி என்றால் அப்படியொரு நம்பிக்கை. ஆனால் கவுதாரிக்கு எங்கே போவது? கண்ணி வைத்துப் பிடிக்கிறவர்கள் அதை டவுனில் கொண்டுபோய் விற்றுவிடுவார்கள். ஆனி மாசம் விறகு பொறுக்கப் போன பொன்னாயி, காரைப் புதர் ஓரம் ஒரு கீரி தாய்க் கவுதாரியை அமுக்கி இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள். குஞ்சுகளையும் அது விட்டுவைக்கவில்லை. புதருக்கடியில் ஒன்றே ஒன்று மட்டும், எலுமிச்சம்பழம் அளவுக்கு, முதுகில் கோடு போட்டுக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தது. “ரெண்டு மூணு மாசம் வளத்தா பெருசாயிரும், நம்ம வூட்டுச் சூப்பு நம்ம வூட்லயே” என்று அவள் கணக்குப் போட்டாள்.

“இத்தூண்டு குஞ்சுல என்ன இருக்கு? தூக்கிப் போடு அங்கிட்டு” என்றான் தங்கசாமி. கட்டிலில் கிடந்து கிடந்து அவனுக்கு எதைக் கண்டாலும் எரிச்சல்தான்.

“நீ சும்மா கெட மாமா. ஒனக்காவத்தான கொண்டாந்தேன்.”

நொய் போட்டாள், தின்னவில்லை. கம்பு போட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பாப்பாயி சொல்லித்தான் கரையான் பானை வைத்தாள். ஓட்டைப் பானைக்குள் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, கொஞ்சம் வைக்கோல் எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கொல்லையில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் மொய்த்துவிடும். கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். மறுநாள் காலையில் பானையை நிமிர்த்தித் தட்டினாள். குஞ்சு அடேயப்பா, என்ன தீனி தின்றது! ஆனால் ஒரு வம்பு. பொன்னாயி நடந்தால்தான் அதுவும் நடக்கும், அவள் காலால் மண்ணைக் கிளறினால்தான் கொத்தும். நடக்கிற காலைத்தான் தாய் என்று நினைத்துக்கொண்டது போல. அவள் நின்றுவிட்டால் அதுவும் நின்று அண்ணாந்து பார்க்கும்.

ஆடி பிறந்தது. கருப்பண்ணன் வந்து கட்டை அவிழ்த்தார், கால் விரலை மடக்கச் சொன்னார், “கூடிருச்சு, எந்திரிச்சு நட” என்றார். தங்கசாமி எழுந்திருக்கவில்லை. உள்ளே எலும்பு சேர்ந்திருந்தாலும் வெளியே கால் சூம்பி, பப்பாளித் தண்டு மாதிரி இருந்தது. அதைத் தரையில் ஊன்றினால் மறுபடி மளுக்கென்று போய்விடும் என்று அவனுக்கு ஒரே பயம். வைத்தியர் திட்டினார், பொன்னாயி கெஞ்சினாள், அவன் கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை.

இதற்குள் அவன் வேலை பார்த்த மைன்ஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆவணி கடைசிக்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். அவனுக்கு அங்கே விசில் ஊதுகிற வேலை. லேசாக நினைக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை இடித்து அடைத்து வெடி வைக்கிற இடம் அது. தினமும் மத்தியானம் தங்கசாமி சிவப்புக் கொடியோடு பள்ளத்தைச் சுற்றி வரவேண்டும். முதல் விசில் ஊதினால் எல்லாரும் ஓடி வெளியேறவேண்டும். யாரும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு ரெண்டாம் விசில் ஊதினால், பாறை மறைவில் காத்திருக்கிற வெடிக்காரர் கவுஸ் பாய் திரியைப் பற்றவைப்பார். வெடித்து அடங்கிய பிறகு மூன்றாவது விசில். சுற்று முழுக்க முக்கால் மைல் நடை. நடக்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை?

பொன்னாயி நடவுக்குப் போய்விட்ட ஒரு நாள். குஞ்சு காலையிலிருந்து கட்டிலுக்கடியில் கத்திக்கொண்டே இருந்தது. கரையான் பானை கொல்லையில் கவிழ்ந்தபடி கிடக்கிறது, நிமிர்த்த ஆளில்லை. “வாய மூடு சனியனே” என்றான் தங்கசாமி. மூடவில்லை. செருப்பைத் தூக்கி வீசினான். அது செருப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, செருப்பு நடக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி அவனைப் பார்த்துக் கத்தியது. உச்சி நேரத்தில் கத்தல் குறைந்தது. அப்புறம் நின்றேபோயிற்று. தலையைத் தொங்கப்போட்டு எட்டிப் பார்த்தால், குஞ்சு கண்ணை மூடிச் சரிந்துகொண்டிருந்தது.

“அடப்பாவி, செத்துகித்துப் போயிராத” என்று சொல்லிக்கொண்டே தங்கசாமி கட்டில் காலைப் பிடித்தான், தடியை ஊன்றினான், நல்ல காலை வைத்தான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் காலையும் வைத்தான். மளுக் என்று எந்தச் சத்தமும் வரவில்லை. கொல்லைக்குப் பதினோரு அடி. பானையைத் தடியால் புரட்டிவிட்டு, சூம்பின காலால் மண்ணைக் கிளறினான். குஞ்சு தள்ளாடித் தள்ளாடி வந்து அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கரையானைக் கொத்தியது. அவன் ஓர் அடி நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது.

பொழுது சாயப் பொன்னாயி வந்து பார்த்தபோது, புருசன் கொல்லையில் நின்றுகொண்டிருந்தான். அவள் தலையிலிருந்த புல்லுக்கட்டு அப்படியே கீழே விழுந்தது. “மாரியாத்தா!” என்று ஒரு கும்பிடு போட்டவள், ஓடிவந்து குஞ்சைக் கையிலெடுத்து அதற்கும் ஒரு முத்தம் வைத்தாள்.

அன்றிலிருந்து குஞ்சு நடத்தியபடி அவன் நடந்தான் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு பானைக் கரையான் அதற்குக் காணாது. பக்கத்துப் புற்றைக் கொத்தி ஒரு கட்டி எடுத்துப்போட்டால் ரெண்டு நாளில் தீர்ந்துவிடும், அடுத்த புற்றுக்குப் போகவேண்டும். தெருமுனைப் புற்று, ஏரிக்கரைப் புற்று, பனந்தோப்புப் புற்று என்று நடை நீண்டுகொண்டே போனது. முதலில் தடியோடு, அப்புறம் தடி தோளில், அப்புறம் தடி வீட்டில். “என்ன தங்கசாமி, தாயும் புள்ளையும் எங்க கெளம்பிட்டீங்க?” என்று ஊரே கேலி செய்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.

குஞ்சு வளர வளரப் புதருக்குள் புகுந்துகொள்ளும். குனிந்து துரத்திப் பிடிக்கக் கால் இன்னும் பதப்படவில்லை. கோழியைக் கூப்பிடுகிற மாதிரி ‘பாக் பாக்’ என்றெல்லாம் அவனுக்கு வராது. கழுத்தில் எப்போதும் தொங்குகிற மைன்ஸ் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவான், ஒரு புற்றுக்கட்டியை எறிவான். மூன்றே நாளில் கவுதாரி பிடித்துக்கொண்டது. விசில் கேட்டால் எங்கிருந்தாலும் தலையை நீட்டிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் ஓடிவரும். அதைப் பார்க்க வேலிக்குப் பின்னால் கூட்டமே நிற்கும். தங்கசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆவணி கடைசியில் அவன் ரெண்டு மைல் நடந்தே மைன்ஸுக்குப் போய் வேலையில் சேர்ந்துகொண்டான்.

கருப்பண்ணன் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர் கவுதாரியைப் பார்த்து, “நல்ல பக்குவமா இருக்கே, இன்னுமா சூப்பு வெக்கல?” என்றார்.

பொன்னாயிக்கு வந்ததே கோபம். “எந்திரிக்க வெச்சதே அதுதான் வைத்தியரே. ஒங்களுக்குக் குடுத்த வெத்தலை பாக்குகூட அது எங்ககிட்ட கேக்கல” என்று ஒரு போடு போட்டாள். மனுசன் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

புரட்டாசியில் அது விடியற்காலையில் கத்த ஆரம்பித்தது. கூடைக்கு அடியிலிருந்து ஒரு கத்து கத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுக்கும். தூரத்துப் பொட்டல் காட்டிலிருந்து இன்னொரு கவுதாரி பதில் கத்தும். அவ்வளவுதான், கூடையில் முட்டி முட்டி மண்டையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். “அது சனத்தத் தேடுது மாமா, வுட்ரலாம்” என்றாள் பொன்னாயி. தங்கசாமி பதினைந்து நாள் சால்ஜாப்பு சொல்லி ஒத்திப்போட்டான். பிறகு அவனுக்கே பொறுக்கவில்லை. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை, மைன்ஸுக்கு அப்பால் இருக்கிற காரைக்காட்டில் கொண்டுபோய்ப் புருசனும் பெண்டாட்டியுமாக விட்டார்கள். கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. உள்ளே ஒரு கத்தல் கேட்டதும் நின்றது, கழுத்தை நிமிர்த்தியது, புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. மத்தியானம் பள்ளத்தின் வடக்கு மேட்டில் நின்று கொடியைத் தூக்கினான், முதல் விசிலை ஊதினான். கல் உடைக்கிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக வெளியேறினார்கள். பள்ளம் காலி. ரெண்டாம் விசிலுக்காக வாயருகில் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். தெற்குப் பக்கம் காட்டிலிருந்து, லாரி இறங்குகிற தடத்தில், ஒரு சின்ன உருவம் கால் பாவாமல் ஓடிவருகிறது. அவனுடையதுதான். விசிலுக்குத் தீனி வரும் என்று ஓடிவருகிறது!

மருந்து இடித்திருந்த துளைகளுக்கு நடுவில் வந்து நின்று, எங்கே ஆள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தங்கசாமிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அடப் பாவிப்பயலே, எதை வைத்து எதைக் கூப்பிடப் பழக்கினாய்! இன்னொரு தடவை ஊதினால் அது அவனிடம் ஓடிவந்துவிடும். ஆனால் இன்னொரு தடவை ஊதினால் கவுஸ் பாய் திரியைப் பற்றவைத்துவிடுவார். ஊதாவிட்டால் அது அங்கேதான் நிற்கும். பாய் பாறை மறைவில் இருக்கிறார், கொடி தெரியாது, கத்தினால் கேட்காது, விசில் ஒன்றுதான் அவருக்குப் பாஷை.

“ஊதுய்யா! என்னா நிக்கிற?” என்று கொட்டகையிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

தங்கசாமி கொடியைப் போட்டுவிட்டு ஓடினான். முதல் விசிலுக்கு அப்புறம் உள்ளே கால் வைக்கிறவனை அடித்து விரட்டுவதுதான் அவன் வேலை. அவனே சரளைச் சரிவில் இறங்கி ஓடினான். பின்னால் நாற்பது பேர் கத்துகிறார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. கவுதாரி அவனைப் பார்த்ததும் சந்தோசமாக எதிரே வந்தது. அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பும்போது, ரெண்டாம் விசில் வராததால் என்னவோ ஏதோ என்று கவுஸ் பாய் பாறைக்கு வெளியே வந்து நின்றார். கையில் உரசாத தீக்குச்சி.

மேலே கொண்டுவந்து நிறுத்தி அவர் திட்டிய திட்டு இருக்கிறதே! “ஒன்னப் பெத்தவ நல்லாருப்பா! ஒரு குருவிக்காவ உள்ள எறங்குவியா நீ? எனக்குக் கை பதறி ஒரசியிருந்தேன்னா ஒன் பொண்டாட்டிக்கு யார்யா பதில் சொல்றது?” சூப்பர்வைசர் இன்னொரு தடவை நடந்தால் சீட்டு கிழிந்துவிடும் என்றார். தங்கசாமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில், “அது எனக்குக் காலு குடுத்துச்சு பாய்” என்று மட்டும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். கவுஸ் பாய் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார். “இந்தக் காலோடயா அந்தச் சரிவுல அப்படி ஓடுன? அல்ஹம்துலில்லா” என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அப்போதுதான் தங்கசாமிக்கே தான் ஓடியது உறைத்தது.

சரி, இனி என்ன செய்வது? தன் ஊரான லப்பைக்குடிக்காட்டு ஆற்றங்கரையில் விட்டுவிடுவதாகச் சொன்னார் பாய். பாடாலூரில் மச்சினன் வீட்டுப் பக்கம் விடலாமா என்று யோசித்தாள் பொன்னாயி. பிரயோசனமில்லை. எந்த ஊரில்தான் பஸ் இல்லை? கண்டக்டர் விசில் ஊதினால் இது ரோட்டுக்கு ஓடிவந்து டயரில் விழும். “விசில்னா ஓடிப் போவணும்னு நாம அத்தனை பேருக்கும் கத்துக் குடுக்கலயா? இதுக்கும் அதக் கத்துக் குடுத்துரணும்ப்பா. வேற வழி இல்ல” என்றார் கவுஸ் பாய்.

அதுவரை வீட்டுக் கூடையில் இருந்த கவுதாரியை எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காரைக்காட்டுக்குப் போனார்கள். தீபாவளிக் கடையில் வாங்கின ஓலைவெடி ஒரு கட்டு பாயிடம் இருந்தது. மலையைப் பிளக்கிற மனுசன், அந்த ஓலைவெடியை எட்ட வைத்து, பெரிய ஊதுபத்தியை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பற்றவைத்தார். பொன்னாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கவுதாரியைப் புதரில் விட்டுவிட்டுத் தங்கசாமி தள்ளிப்போய் ஊதினான். ஓடிவந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தான். அது நின்று, கட்டியைக் கொத்தி, கரையான் இருக்கிறதா என்று பார்த்தது. “போ! போவுதா பாரு!” என்று கத்தினான். இன்னும் பக்கத்தில் வந்தது. பாய் பக்கவாட்டில் வெடியைப் பற்றவைத்தார். படார்! கவுதாரி ஒரு துள்ளு துள்ளியது, எடுத்தது பார் ஓட்டம், நேராகத் தங்கசாமியின் ரெண்டு காலுக்கு நடுவில் வந்து புகுந்துகொண்டது. நெஞ்சு படபடக்க, அந்தச் சூம்பின காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

பொன்னாயி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

“வெடி எங்கிட்டேருந்து வரணும் பாய்” என்றான் தங்கசாமி. “அது என்னையக் கண்டுல்ல பயப்படணும்.”

“நான் வேணா...”

“இல்லீங்க பாய். நான்தான ஊதிப் பழக்குனேன்.”

மறுபடி கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து ஓலைவெடியைத் தன் காலடியிலேயே வைத்தான். ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு விசிலை ஊதினான். புதரிலிருந்து தலை நீண்டது. ஓடிவந்தது. பாதி தூரம் வந்ததும் பற்றவைத்தான், அது கிட்டே வருவதற்குள் வெடித்தது, அந்தப் புகைக்குள்ளிருந்தே காலை ஓங்கித் தரையில் உதைத்து, கையை வீசி, பேய் பிடித்தவன் மாதிரி அலறினான். கவுதாரி விர்ரென்று கிளம்பிப் புதருக்கு அப்பால் போய் விழுந்தது. காரை முள் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. தங்கசாமி நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினான்.

அரை மணி விட்டு மறுபடி ஊதினான். கொஞ்சம் வந்தது. நின்றது. ஓர் அடி வைத்தது. அந்த ஓர் அடிதான் அவனைக் கொன்றுவிட்டது. ஆனாலும் வெடியைப் பற்றவைத்தான், அலறினான், கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவைக்கு அவனால் பார்க்க முடியவில்லை. “நீ பாத்துச் சொல்லு புள்ள” என்று பொன்னாயியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெடி வைக்கவில்லை. வெறும் விசில்தான். ஊதினான். விர்ரென்று இறக்கைச் சத்தம் கேட்டது, தூரம் போய்த் தேய்ந்தது.

“போயிருச்சா?”

“போயிருச்சு மாமா. அங்கிட்டுப் போயி எறங்கி, அந்தாண்ட ஓடுது.”

“திரும்பிப் பாத்துச்சா?”

பொன்னாயி கொஞ்சம் தயங்கினாள். “இல்ல மாமா. ஒருவாட்டிகூடப் பாக்கல.”

“அது போதும்” என்றான் தங்கசாமி. “மகராசியா இருக்கட்டும்.” கவுஸ் பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மிச்சமிருந்த ஓலைவெடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் தங்கசாமி வடக்கு மேட்டில் கொடியோடு நின்றான். முதல் விசிலை ஊதினான். ஆட்கள் ஓடி வெளியேறினார்கள். தெற்குத் தடத்தையே பார்த்தான். தடம் காலி. துளைகளுக்கு நடுவே பார்த்தான், அங்கேயும் காலி. “இன்னும் என்னய்யா?” என்று சூப்பர்வைசர் கத்தினார். தங்கசாமி அவரைச் சட்டை செய்யாமல் இன்னொரு தடவை முழுக்கப் பார்த்தான். பிறகு காட்டைப் பார்த்து, கொடியும் கையுமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூச்சு முட்ட ரெண்டாம் விசிலை ஊதினான்.